குடவோலை கண்ட ஊரும் கூடி நின்ற ஊரும்

“ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மக்களாட்சி கண்ட மண் இது!” என்று மேடையேறுவோர் முழங்குகின்றனர். பாடநூல் அதனைப் பகர்கிறது. விழா மலர்கள் விரித்துரைக்கின்றன. உத்திரமேரூர்க் கோயிற் சுவரைச் சுட்டிக் காட்டி, “ஓலையிலே பெயரெழுதி, குடத்திலே இட்டுக் குலுக்கி, ஊராள்வாரைத் தேர்ந்தெடுத்தவர் நம் முன்னோர், உலகு உறங்கிக் கிடந்த காலத்தில் நாம் தேர்தல் நடத்தினோம்” என்று மார்தட்டுகின்றனர். கேட்போர் கைதட்டுகின்றனர். கூட்டம் கலைகிறது. கலைந்து வீடு திரும்புவோரில் ஒருவன் ஊர்த் தெருவுக்குப் போகிறான். மற்றொருவன் சேரிக்குப் போகிறான். இருவருக்கும் ஒரே பெருமை. ஆனால் ஒரே தெரு இல்லை!

பழமையில் நல்லது இருப்பின் பாராட்டுவோம். அதிலே நமக்குத் தயக்கமில்லை. ஆனால் பகுத்தறிவாளன், கல்லிலே பொறித்திருக்கிறது என்பதற்காகக் கைகூப்புவதில்லை. கல்லையும் படிக்கிறான், கல் சொல்லாது விட்டதையும் சேர்த்துப் படிக்கிறான். மக்களாட்சி என்கிறீர்களே, எந்த மக்கள்? ஊராட்சி என்கிறீர்களே, யாருடைய ஊர்? இந்த இரண்டு கேள்விகளையும் கையிலே ஏந்திக்கொண்டு அந்தக் கோயிற் சுவரருகே செல்வோம், வாருங்கள் தோழர்களே!

குடத்துக்குள் யார்?

முதற் பராந்தகச் சோழன் காலம். கி.பி. 919-இலும், ஈராண்டு கழித்து 921-இலும் உத்திரமேரூர்ச் சபை இரண்டு தீர்மானங்களைச் செய்து கல்லிலே வெட்டுவித்தது. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய வழக்கில் சொன்னால் வார்டு. ஒரு தெருவும் அதனை ஒட்டிய வீடுகளும் கொண்ட பகுதி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்தில் இடுவர். எழுத்தறியாத சிறுவன் ஒருவனை அழைத்து ஓர் ஓலையை எடுக்கச் செய்வர். அதனை வாங்குகிற நடுவர் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் ஏந்தி, எல்லோரும் காணப் படிப்பார். கரவு செய்ய வழியில்லை. கைக்குள் மறைக்க இடமில்லை. இப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட முப்பதின்மரில் பன்னிருவர் ஆண்டு வாரியம். பன்னிருவர் தோட்ட வாரியம். அறுவர் ஏரி வாரியம். பொன்னின் மாற்றுப் பார்க்கப் பொன் வாரியம் தனியே உண்டு. பதவிக் காலம் 360 நாட்கள். மூன்றாண்டு இடைவெளியின்றி ஒருவர் மீண்டும் வரலாகாது.

இவற்றினும் சிறந்த விதி ஒன்றுண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவன் மறுபடியும் குடவோலைக்குத் தகுதியற்றவன். அவன் மட்டுமா? அவனுடைய மகன், தம்பி, மருமகன், மாமன், மைத்துனன் என உறவின் நீண்ட பட்டியலே தகுதியிழக்கிறது! பொதுப்பணத்தைப் பறித்தவன் தன் இடத்தில் தன் மகனை நிறுத்தி, மகன் இடத்தில் மருமகனை நிறுத்தி, நாற்காலியைக் குடும்பச் சொத்தாக்கிக் கொள்ளும் கலையை அந்த நாளிலேயே அறிந்து, அந்த நாளிலேயே அடைத்திருக்கிறார்கள். இதைப் பாராட்டாதிருக்க நாம் பொறாமைக்காரர்கள் அல்லர்.

ஆனால், குடத்துக்குள் விழுந்த ஓலைகளில் யாருடைய பெயர்கள்?

வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வைத்திருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். 919-ஆம் ஆண்டுத் தீர்மானப்படி வயது 30 முதல் 60 வரை. 921-ஆம் ஆண்டுத் திருத்தப்படி 35 முதல் 70 வரை. இவை போகட்டும். வேதத்திலே வல்லவனாயிருக்க வேண்டும்! ஒரு வேதமும் அதன் விளக்கமும் கற்றுப் பிறர்க்கு ஓதுவிக்க வல்லவனாயின், நிலத் தகுதியில் பாதியே போதும். அரைக்கால் வேலி வைத்திருந்தாலும் அவன் பெயர் குடத்துக்குள் விழும். மண்ணை உழுது பொன்னாக்கியவனுக்கு இந்தச் சலுகை இல்லை. ஏரி வாரியத்துக்கு ஆள் தேடுகிறார்கள். ஏரியை வெட்டியவன் கரையிலே நிற்கிறான். வேதத்தை ஓதியவன் வாரியத்திலே அமர்கிறான்!

வியப்பென்ன? உத்திரமேரூர் ஒரு சதுர்வேதி மங்கலம். மறையவர்க்கென மன்னர் வழங்கிய ஊர். அதன் சபை, நிலமுடைய மறையவரின் சபை. அங்கே பெண்ணின் பெயர் ஓலையேறவில்லை. உழவனின் பெயர் ஓலையேறவில்லை. சேரியில் வாழ்ந்தவனோ ஓலைக்கும் எட்டாதவன், ஓலையைப் படிக்கும் கண்ணுக்கும் எட்டாதவன். மற்ற ஊர்களிலே ‘ஊர்’ என்ற பெயரால் வேளாண் மக்களின் கூட்டங்களும், வணிகர்க்கு ‘நகரம்’ என்ற கூட்டமும் இருந்தது உண்மை. அங்கும் நிலம் உடையவன் பேசினான். நிலத்தில் உழைத்தவன் கேட்டான்.

இதனைச் சொன்னால், “அந்தக் காலத்தில் எந்த நாட்டில்தான் எல்லோருக்கும் வாக்குரிமை இருந்தது?” என்று சிலர் சினக்கின்றனர். நியாயமான கேள்விதான். ஏதென்சு நகரத்தார் இவர்களுக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகட்கும் முன்பே குலுக்கல் முறையில் அவையினரைத் தேர்ந்தவர்கள். அங்கும் அடிமைக்கு இடமில்லை, பெண்ணுக்கு இடமில்லை. ஆகவே உத்திரமேரூராரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. ஒரு சாதியாரின் சபையை ஊர் மக்கள் அனைவரின் மக்களாட்சி என்று இன்று பெயர் மாற்றி விற்கிறார்களே, அந்த வாணிகத்தைத்தான் வேண்டாம் என்கிறோம்.

வரிசையிலே ஒரு சேரி

உத்திரமேரூர்க் கல் சொல்லாததை வேறொரு கல் சொல்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் வழங்கிய ஊர்களின் நிலக்கணக்கு, அந்தக் கோயிலின் கல்லிலேயே இருக்கிறது. வரி நீக்கிய இடங்களை ஊர் ஊராக எண்ணிச் செல்கிறது அக்கணக்கு. ஊர் நத்தம், குளம், வாய்க்கால், கம்மாளர் வாழ்ந்த சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு. சில இடங்களில் சுடுகாட்டிலும் ஒரு தனிச் சுடுகாடு!

ஏரிக்கணக்கும் வாய்க்கால் கணக்கும் எழுதும் அதே எழுத்தாணி, எவ்வித நடுக்கமுமின்றி, ‘தீண்டாச்சேரி’ என்ற சொல்லையும் எழுதுகிறது. அது அந்தக் கணக்கனுக்குக் கொடுமையாகத் தோன்றவில்லை; குளத்தைப் போல, வாய்க்காலைப் போல, அதுவும் ஊரின் ஓர் உறுப்பு. தெரு பிரிந்தது, கிணறு பிரிந்தது, செத்தபின் செல்லும் இடமும் பிரிந்தது. ஆயிரம் ஆண்டுப் பெருமை பேசுவோர் ஆயிரம் ஆண்டுச் சிறுமையையும் அதே மூச்சில் பேசவேண்டும். இரண்டும் ஒரே கல்லுளியால் செதுக்கப்பட்டவை.

ஊட்டத்தூர் சொன்ன உறுதி

இனி நம் பக்கத்துக்கு வருவோம். பெரம்பலூருக்குத் தெற்கே, பாடாலூரை அடுத்து ஊட்டத்தூர் இருக்கிறது. அங்கே மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறித்த கல்வெட்டொன்று, இடங்கை என்னும் பிரிவைச் சேர்ந்த தொண்ணூற்றெட்டுக் குலத்தார் கூடிச் செய்த உடன்பாட்டைக் கூறுகிறது. உழைக்கும் குலங்கள் பல ஒன்றுகூடுகின்றன. நம்மில் ஒருவர்க்கு வரும் நன்மை எல்லோர்க்கும் நன்மை, ஒருவர்க்கு வரும் தீமை எல்லோர்க்கும் தீமை. ஒரு தாய் தந்தை வயிற்று மக்களைப் போல் இனி நடப்போம் என்று உறுதி பூணுகின்றன.

எத்துணை இனிய சொல்! கேட்டவுடன் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் அதே கல்லிலே அவர்கள் தங்கள் பிறப்புக் கதையையும் சொல்கிறார்கள். முனிவர் வேள்வியைக் காக்க அக்கினிக் குண்டத்திலிருந்து தோன்றினார்களாம்! மன்னன் வடக்கிருந்து மறையவரைக் கொணர்ந்து குடியேற்றியபோது, அவர்களுடைய குடையையும் செருப்பையும் சுமந்து கூடவே வந்தார்களாம்! ஒன்றுபட வேண்டும் என்ற உணர்வு வந்துவிட்டது. ஆனால் தாமே பெரியோர் என்று சொல்லும் துணிவு வரவில்லை. தம் மதிப்புக்குச் சான்று தேடிப் புராணத்தின் வாயிற்படியில் நிற்கிறார்கள். உழைப்பே உயர்வு என்று சொல்லத் தெரியாதவன், நெருப்பிலே பிறந்தேன் என்று சொல்லித்தான் தலைநிமிர வேண்டியிருந்தது! கற்பனையின் துணையின்றி மனிதன் தன் மானத்தைக் கோர முடியாதிருந்த காலம் அது.

1429: கூடி நின்ற ஆண்டு

இருநூறு ஆண்டுகள் உருண்டன. சோழர் மறைந்தனர், பாண்டியர் தேய்ந்தனர், விசயநகரப் பேரரசு வந்தது. இரண்டாம் தேவராயன் ஆட்சி. தமிழகத்தில் புதிய அதிகாரிகள், புதிய வரிகள். தலைக்கு வரி, தறிக்கு வரி, தொழிலுக்கு வரி. விளைந்தாலும் வரி, விளையாவிட்டாலும் வரி. அரசனின் வரித்தண்டலாளர் ஒரு பக்கம். நிலத்துக்குக் காணியுரிமை கொண்ட மறையவரும் வேளாண் பெருமக்களும் மறுபக்கம். இருவரும் கைகோத்தனர். இடையிலே நசுங்கியது உழுபவனும் நெய்பவனும்.

அந்த வேளையில், 1429-ஆம் ஆண்டில், காவிரிப் படுகையிலும் வெள்ளாற்றுக்கு அப்பாலும் உள்ள ஊர்களில் ஒரு புதுமை நிகழ்ந்தது. வலங்கைத் தொண்ணூற்றெட்டும் இடங்கைத் தொண்ணூற்றெட்டும் ஒன்று கூடின! ஒருவர் நிழல் மற்றவர் மேல் படாது விலகி நின்ற இரு பெரும் பிரிவுகள் ஓரிடத்தில் அமர்ந்தன, ஓர் ஓலை எழுதின, கல்லிலே வெட்டின.

தஞ்சைப் பகுதியின் கொருக்கை என்னும் ஊரில் உள்ள கல்வெட்டின் பொருளைக் கேளுங்கள். விளைச்சலுக்கு ஏற்ப வரி வாங்காமல் முறைகேடாக வாங்கினார்கள். தாங்கமாட்டாமல் ஊரைவிட்டே ஓடிப்போக இருந்தோம். அப்போதுதான் உணர்ந்தோம், மண்டலம் முழுவதும் நாம் ஒன்றுபட்டு நில்லாததால்தான் இந்த அநீதி நமக்கு நேர்ந்தது என்று. இனி விளைவுக்கேற்ற முறையான வரியைத் தருவோம். முறையற்ற எதனையும் தரமாட்டோம்!

நண்பர்களே, இந்த வாசகத்தின் பொருளை எண்ணிப் பாருங்கள். “முற்பிறவி வினை” என்று அவர்கள் சொல்லவில்லை. “தெய்வக் குற்றம்” என்று பரிகாரம் தேடவில்லை. “அரசன் மனம் இரங்குக” என்று விண்ணப்பம் போடவில்லை. எங்கள் துன்பத்திற்குக் காரணம் எங்கள் ஒற்றுமையின்மை என்றார்கள். காரணம் கண்டார்கள், காரணத்தை நீக்கினார்கள். ஐந்நூற்று தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஏரோட்டியும் தறியோட்டியும் கண்ட பகுத்தறிவு இது.

நம் வேப்பந்தட்டைக்கு வடக்கே வெள்ளாற்றைக் கடந்து சென்றால் வரும் பழைய தென்னார்க்காட்டு நிலத்தில் வரஞ்சரம் என்னும் ஊரிருக்கிறது. அவ்வூர்க் கல்வெட்டு இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. அரசின் தண்டலாளரும், நிலக் காணியாளரும், மறையவரும் சேர்ந்து செய்யும் கொடுமைக்கு வலங்கை இடங்கை மக்கள் எவரும் துணை போகலாகாது. அவர்களுக்குத் தங்க இடம் தரலாகாது. அவர்களுக்குக் கணக்கு எழுதித் தரலாகாது. இந்த நாட்டிலே பிறந்தவன் எவனாவது இதற்கு மாறாக நடந்து நாட்டுக்கு இரண்டகம் செய்தால் அவனுக்குக் கடுந்தண்டனை!

கணக்கு எழுதித் தராதே! எவ்வளவு நுட்பமான போர்முறை! படையெடுக்கவில்லை; பயிரை எரிக்கவில்லை. எழுத்தாணியைக் கீழே வைத்துவிடு என்றார்கள். கொடுங்கோலன் வாளால் மட்டும் ஆள்வதில்லை. எவனோ ஒருவன் அவனுக்காகக் கணக்கு எழுதுவதால் ஆள்கிறான். அந்த எவனோ ஒருவன் நம்மவன். அவன் மறுத்துவிட்டால்? அரியணை நிற்கும், அதிகாரம் நில்லாது. பிற்காலத்தில் ஒத்துழையாமை என்ற பெயரில் உலகம் வியந்த முறையை, அந்தப் பெயர் தோன்றுமுன்னரே வரஞ்சரத்தார் கையாண்டிருக்கின்றனர். தண்டனையின் கடுமையை இன்று நாம் ஏற்க மாட்டோம். அந்தத் துணிவின் அருமையை மறுக்கவும் மாட்டோம்.

நொபொரு கராசிமா என்னும் சப்பானிய அறிஞரும் எ. சுப்பராயலு என்னும் நம் நாட்டு அறிஞரும் இந்தக் கல்வெட்டுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்து, 15-ஆம் நூற்றாண்டுத் தமிழகத்தின் சமூகப் பூசலை விளக்கியிருக்கின்றனர். அறிஞர் அவைக்கு எட்டிய செய்தி, நம் பள்ளிப் பிள்ளைகளின் செவிக்கு இன்னும் போதிய அளவு எட்டவில்லை. குடவோலை எல்லோருக்கும் தெரியும். கொருக்கை எத்தனை பேருக்குத் தெரியும்? ஆண்டவரின் ஊராட்சி பாடமாகிறது. ஆளப்பட்டவரின் ஊர்க்கூட்டம் அடிக்குறிப்பாகிறது!

பிரிந்தபோது என்ன ஆயிற்று?

ஒற்றுமை நீடித்ததா? இல்லை. அதுதான் வரலாற்றின் வேதனை. வரிக்கு எதிராகத் தோளோடு தோள் நின்ற வலங்கையும் இடங்கையும், சாதிச் சுவரை இடிக்காமலே கைகுலுக்கினார்கள். சுவருக்கு மேலே நீட்டிய கைகள் எத்தனை நாள் இணைந்திருக்கும்? ஓய்ந்ததும் இறங்கின.

சென்னைப் பட்டினத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி எழுப்பிய சில ஆண்டுகளிலேயே, 1652-இல், இருவருக்கும் கலகம். 1707-இல் மீண்டும் கலகம். எதற்காக? வரிக்காகவா? வயிற்றுக்காகவா? எந்தத் தெருவில் எவருடைய திருமண ஊர்வலம் போகலாம் என்பதற்காக! கவர்னர் தாமசு பிட்டு என்னும் வெள்ளையன் நடுவனாக வந்தான். இன்ன தெரு வலங்கைக்கு, இன்ன தெரு இடங்கைக்கு என்று பங்கு பிரித்துக் கொடுத்தான். 1429-இல் அரசனின் வரியாளனை எதிர்த்து ஒன்றாகக் கூடியவர்களின் வழிவந்தோர், கடல் கடந்து வந்த வணிகனிடம் தம் தெருவைப் பிரித்துத் தரச்சொல்லி நின்றனர். ஒன்றாய் நின்றபோது அரசு அஞ்சியது. வேறாய் நின்றபோது அந்நியன் ஆண்டான். இதற்கு மேல் ஒரு பாடம் வேண்டுமா?

பாரிசுத் தெருக்களில்

தெருக்கூட்டம் என்றால் அற்பம் என்று எண்ணுவோர் பிரெஞ்சுப் புரட்சியைப் புரட்டிப் பார்க்கட்டும். 1790-இல் பாரிசு நகரம் 48 பிரிவுகளாக வகுக்கப்பட்டது. ஒவ்வொன்றும் ஒரு வட்டாரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம். ரொட்டி விலை, தெருக்காவல், ஏழையர் உதவி இவையே அன்றாட வேலை. ஆனால் அங்கும் ஒரு குடவோலைக் குறை இருந்தது. குறிப்பிட்ட அளவு வரி கட்டுபவனே செயற்குடிமகன். கட்ட இயலாத ஏழை செயலற்ற குடிமகன். கூட்டத்தில் அவனுக்கு வாக்கில்லை. 1792 சூலையில் தாந்தோன் முன்னின்ற பிரிவு அந்த வேலியைத் தகர்த்தது. வரி கட்டாத ஏழையும் வருக என்றது. ஆகசுடு 10-ஆம் நாள் அந்த ஏழைகள் அரண்மனை வாயிலில் நின்றனர், மன்னராட்சி சரிந்தது. கதவு திறந்த பிறகே தெருக்கூட்டத்துக்கு வலிமை வந்தது. அப்போதும் பெண்களுக்கு வாக்குரிமை கிட்டவில்லை. பிரெஞ்சுப் பெண்கள் அதற்காக 1944 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வெள்ளையன் விட்டுச்சென்ற வேலி

இந்தியச் சிற்றூர்கள் தன்னிறைவு கொண்ட சிறு குடியரசுகள் என்று 1830-இல் சார்லசு மெட்காஃபு எழுதி வைத்தார். வெள்ளையன் புகழ்ந்துவிட்டான் அல்லவா? நம் பழம்பெருமையாளர் அதனைப் பொன்னெழுத்தாக்கிக் கொண்டனர். ஆனால் அந்தச் சிறு குடியரசிலே சேரியிலிருந்து பிறந்து வந்த அறிஞர் அம்பேத்கர், 1948-இல் அரசியலமைப்பு அவையில் எழுந்து, ஊர் என்பது அறியாமையும் குறுகிய மனமும் சாதி வெறியும் குடிகொண்ட இடம் என்று அறைந்து சொன்னார். இருவரும் ஒரே ஊரைத்தான் பார்த்தனர். ஒருவர் குதிரை மேலிருந்து பார்த்தார். மற்றவர் குடிக்கத் தண்ணீர் மறுக்கப்பட்ட இடத்திலிருந்து பார்த்தார்.

குடிமராமத்து என்பார்கள். ஊரார் கூடி ஏரியையும் வாய்க்காலையும் பேணும் முறை. 1858-இல் கம்பெனி அரசு இதற்கெனக் கட்டாய உழைப்புச் சட்டமே இயற்றியது. கூடி உழைத்தல் நல்லதே. ஆனால் மண்வெட்டி யார் கையில், மடைத்திறப்பு யார் கையில் என்று கேட்டுப் பாருங்கள். சுமந்தவனுக்கு நிலமில்லை, நிலமுள்ளவனுக்குச் சுமையில்லை.

1884-இல் உள்ளாட்சிச் சட்டம் வந்து விளக்கும் துப்புரவும் ஊர்ப் பொறுப்பாயின. 1920-க்குப் பின்னர் நீதிக்கட்சியின் ஆட்சிக் காலத்தில் உள்ளாட்சி மன்றங்களிலே புதிய காற்று வீசத் தொடங்கியது. சென்னை மாநகராட்சியில் சர். பிட்டி தியாகராயர் தலைமையின் போது ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு தந்தனர். 1924-இல் சென்னைச் சட்டமன்றம், பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொதுக்குளம் எல்லாம் ஒடுக்கப்பட்டோர்க்கும் உரியவை என்று தீர்மானித்தது, அரசாணையும் பிறந்தது. இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக அமர்ந்த ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனார், ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துக்கு உரிமம் இல்லை என்றார். உரிமம் போகும் என்றதும் தீட்டு எங்கோ போயிற்று! சாத்திரம் அசையாது என்றவர்கள் சக்கரம் அசையவேண்டுமே என்று வழிவிட்டனர். ஒரு மாவட்டக் கழகத்தின் நாற்காலியில் யார் அமர்கிறார் என்பது அத்துணை முதன்மையானது.

சட்டம் வந்தது, ஊர் வந்ததா?

நாடு விடுதலை பெற்றது. 1950-இலும் 1958-இலும் ஊராட்சிச் சட்டங்கள் வந்தன. அரசியலமைப்பின் 73-ஆம் திருத்தத்தின் வழியே 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. தாழ்த்தப்பட்டோர்க்கு இட ஒதுக்கீடு. மகளிர்க்கு மூன்றில் ஒரு பங்கு. 2016-இல் அது சரிபாதியாயிற்று. வேதம் கேட்ட குடவோலை எங்கே, வயது பதினெட்டை மட்டும் கேட்கும் வாக்குச்சீட்டு எங்கே! இந்த மாற்றத்தை எளிதென்று எண்ணுபவன் வரலாறு அறியாதவன்.

ஆனால் சீட்டு மாறியது போல் சிந்தை மாறியதா? மதுரை மாவட்டத்து மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டது. தடைகளுக்கிடையே முருகேசன் வென்றார். 1997 சூன் 30-ஆம் நாள், அவரும் தோழர் ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். அவர் செய்த குற்றம் என்ன? குடத்திலே தன் பெயர் விழ விட்டதுதான்! பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களிலோ பத்தாண்டுகள் அந்த நாற்காலி வெறுமையாய் நின்றது. மனுப்போட ஆளில்லை, போட்டு வென்றவர் பதவியேற்ற கையோடு விலக வைக்கப்பட்டார். 2006-இல்தான் அங்கே தலைவர்கள் அமர்ந்து பணியாற்ற முடிந்தது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலந்திருப்பது தெரிந்தபோது நாடே தலைகுனிந்தது.

இன்னொன்றும் நிகழ்ந்தது. தெருவையே புதிதாக அமைத்துப் பார்ப்போம் என்று 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதற் சமத்துவபுரம் எழுந்தது. நூறு வீடுகள், நாற்பது தாழ்த்தப்பட்டோர்க்கு, இருபத்தைந்து பிற்படுத்தப்பட்டோர்க்கு, இருபத்தைந்து மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு, பத்து மற்றையோர்க்கு. சுவருக்குச் சுவர் தொட்டு நின்றன வீடுகள். தஞ்சைக் கல்வெட்டின் தீண்டாச்சேரிக்கு அது ஒரு மறுமொழி. குறைகள் இருக்கலாம், ஆனால் மறுமொழி சொல்லவேண்டிய கேள்வி அது என்று ஒப்புக்கொண்டதே பெரிது.

நம் தெரு, நம் கடமை

இனி நம் ஊர். பச்சைமலை அடிவாரம். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் வானம் பார்த்த மண். பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையிலே வேப்பந்தட்டை. இங்கும், இதைச் சூழ்ந்த அரும்பாவூரிலும் வாலிகண்டபுரத்திலும், ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு குறை உண்டு. விளக்கெரியாத கம்பம், ஓடாத சாக்கடை, முள் மண்டிய ஏரி வரத்து, நீர் வராத குழாய். இவற்றுக்காகப் பத்து இளைஞர்கள் கூடி ஒரு நலச்சங்கம் அமைத்தால் அதனை நான் வாழ்த்துவேன். ஆனால் வாழ்த்துவதற்கு முன் நான்கு கேள்விகள் கேட்பேன்.

முதற் கேள்வி: உங்கள் சங்கத்தின் எல்லை எங்கே முடிகிறது? கடைசித் தெருவிளக்கோடு முடிகிறதா, காலனியின் கடைசி வீடு வரை போகிறதா? ஊர்த் தெருவுக்கு மட்டும் உழைக்கும் சங்கம், உத்திரமேரூரின் பேரப்பிள்ளை.

இரண்டாம் கேள்வி: கூட்டத்தை எங்கே கூட்டுகிறீர்கள்? சிலர் கால்வைக்கத் தயங்கும் இடத்திலே கூட்டம் போட்டுவிட்டு, “எல்லோரையும் அழைத்தோம், அவர்கள்தான் வரவில்லை” என்பது ஏமாற்று. பள்ளிக்கூடத்தில் கூட்டுங்கள், நூலகத்தில் கூட்டுங்கள்.

மூன்றாம் கேள்வி: தண்ணீர்க் குடம் சுமப்பவள் பேசுகிறாளா? குழாய் வராத கொடுமையை அறிந்தவள் அவள். குழாயைப் பற்றித் தீர்மானம் போடுபவன் குடம் தூக்கியறியாதவன். ஏரி வெட்டியவனைக் கரையில் நிறுத்திய அதே பழங்கதை!

நான்காம் கேள்வி: கணக்கு எங்கே? இதிலே மட்டும் உத்திரமேரூராரைப் பின்பற்றுங்கள். வரவும் செலவும் சுவரிலே ஒட்டப்படட்டும். ஐந்து விரலையும் அகல விரித்துக் காட்டுங்கள்.

“ஊராட்சி மன்றம் இருக்கிறதே, சங்கம் எதற்கு?” என்று கேட்கலாம். 2016-இல் முடிந்த பதவிக்காலத்துக்குப் பின் நம் சிற்றூர்களுக்குத் தேர்தல் வந்தது 2019 டிசம்பரில். அப்போது வந்தவர்களின் காலம் 2025 சனவரியில் முடிந்தபோதும், மறுதேர்தலன்று, தனி அலுவலர்களே முதலில் வந்தனர். தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத காலத்திலும் தெரு இருக்கிறது, தாகம் இருக்கிறது. அப்போது கேட்பவர் யார்? ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடவேண்டும் என்பது தமிழ்நாட்டின் ஏற்பாடு. அந்தச் சபையில் தேநீர் குடித்துக் கையெழுத்திட்டு வருவதா, கேள்வி கேட்டு மறுமொழி பெற்று வருவதா என்பதை முன்கூட்டிக் கூடிப் பேசிய தெருவே முடிவு செய்யும். சங்கம் மன்றத்துக்கு மாற்றன்று. மன்றத்தைத் தூங்கவிடாத மணி.

சிறு அமைப்பால் என்ன ஆகும் என்ற சோர்வும் வேண்டாம். நம் மாவட்டத்து முருக்கன்குடியில் 1925-இல் பிறந்த வே. ஆனைமுத்து, பெரியாரின் பேச்சையும் எழுத்தையும் திரட்டி 1974-இல் பெருந்தொகுதிகளாகக் கொணர்ந்தார். வெளியிட்டது அரண்மனையன்று, அறக்கட்டளையன்று. திருச்சியில் இயங்கிய சிந்தனையாளர் கழகம் என்னும் சிறு குழு. ஒரு சிலர் கூடினர்; ஒரு நூற்றாண்டின் சிந்தனை காப்பாற்றப்பட்டது.

வரஞ்சரத்தாரும் கொருக்கையாரும் ஒற்றுமையின்மையே துன்பத்தின் வேர் என்று கண்டனர். ஆனால் சாதியை அப்படியே விட்டுவிட்டு ஒற்றுமை பேசினர். அதனால்தான் அவர்கள் கட்டிய பாலம் ஓர் ஆண்டின் வெள்ளத்தைத் தாங்கியது, ஒரு நூற்றாண்டின் வெள்ளத்தைத் தாங்கவில்லை. அவர்கள் விட்ட குறையை முடிக்கும் பொறுப்பு நம்முடையது. குடவோலையின் நேர்மையை எடுத்துக்கொள்வோம். அதன் வேலியை விட்டுவிடுவோம். கொருக்கையின் துணிவை எடுத்துக்கொள்வோம். அது தொடாத சாதியைத் தொட்டு அழிப்போம்.

அடுத்த கிராம சபைக்கு முன் ஒரு மாலைப்பொழுதில் உங்கள் தெருவைக் கூட்டுங்கள், தோழர்களே. கூடியதும் முதலில் குறைப்பட்டியலை எழுதாதீர்கள். வராதவர் பட்டியலை எழுதுங்கள். பின்பு எழுந்து சென்று, அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்!